பெண்கள் ஸ்டேஜ் ரேஸ்: புதுச்சேரி–கடலூர் பாதையில் ஆபத்தான இடங்களை எப்படிக் கணக்கெடுப்பது?

முள்ளோடை (கேள்வி)

வணக்கம். பெண்களுக்கான 3 நாள் தொழில்முறை சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை வரைந்துகொண்டிருக்கிறோம். யூ.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் ஒன்றியம்) 2.2 தரம், அதாவது பல நாள் பந்தயங்களில் இரண்டாம் வகுப்பு. உத்தேசமாகப் பிப்ரவரி. 20 அணி, அணிக்கு 6 பேர், மொத்தம் 120 வீராங்கனைகள்.

முதல் நாள் புதுச்சேரியில் கிளம்பி, அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகப் போய், பாகூரைச் சுற்றி, கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைச் சாலையில் முடிவு. இரண்டாம் நாள் கடலூர் – நெல்லிக்குப்பம் – பண்ருட்டி – நெய்வேலி – வடலூர் – குறிஞ்சிப்பாடி – கடலூர். நெய்வேலி நகரியத்துக்குள் 2 சுற்று சேர்த்தால் 110 கி.மீ. மூன்றாம் நாள் புதுச்சேரி ஒயிட் டவுன் வீதிகளில் சுற்றுப்பந்தயம், கடற்கரைச் சாலையில் முடிவு.

காரில் இரண்டு முறை போய் 64 இடங்களைக் குறித்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் "நடக்க வாய்ப்பு 1–5, நடந்தால் பாதிப்பு 1–5" என்று மார்க் போட்டுப் பெருக்கினோம். முக்கால்வாசி 9, 12 என்றே வந்து நிற்கிறது. இதை வைத்துக்கொண்டு எதை முதலில் சரிசெய்வது? வேகத்தடை எல்லாவற்றையும் எடுக்கச் சொல்ல முடியுமா? தடுப்பு எத்தனை, ஆம்புலன்ஸ் எத்தனை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

செயின்ரிங்

மார்க் எல்லாம் ஒரே மாதிரி வருவதற்குக் காரணம், பொருளுக்கு மார்க் போட்டிருக்கிறீர்கள். இடத்துக்குப் போடவில்லை. ஒரே அளவு வேகத்தடை 12-ஆவது கி.மீ.யில் இருந்தால் 4 மார்க், முடிவுக்கு 2 கி.மீ. முன்னால் இருந்தால் 20. வாய்ப்பு, பாதிப்பு என்ற இரண்டு கட்டத்துக்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அந்த இடத்தில் வேகம் எவ்வளவு? கூட்டம் ஒன்றாக வருமா, உடைந்து வருமா? அதைத் தாண்டி அடுத்த 100 மீட்டரில் என்ன இருக்கிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். தனியாக ஒரு வேகத்தடை பெரிய விஷயமில்லை. வேகத்தடை, உடனே இடது திருப்பம், திருப்பத்தின் வாயில் மணல் என்று வரிசையாக வந்தால் அது ஒரே ஆபத்து. அதை மூன்று வரியில் மூன்று 9 என்று எழுதக்கூடாது, ஒரே வரியில் 20 என்று எழுத வேண்டும்.

அடுத்தது பார்வை. காரில் உட்கார்ந்தவருக்கு முன்கண்ணாடி வழியே 200 மீட்டர் சாலை தெரியும். கூட்டத்தில் ஐம்பதாவதாக வருபவருக்குத் தெரிவது முன்னால் போகிற சக்கரம் மட்டும்தான். மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11 மீட்டர். சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி இருந்தால், முன்னால் உள்ளவர் பள்ளத்திலிருந்து விலகிய 0.09 விநாடியில் பின்னால் வருபவர் அதன் மேல் இருப்பார். அதனால் "பகலில் தெளிவாகத் தெரிகிறது, ஆபத்து குறைவு" என்று 64 வரியில் எங்கேயாவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

பாதை பார்க்கும் முறை. ஒரே ஓட்டத்தில் முடியாது. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று தடத்திலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். சாலையை முழுக்க மூடினால் கூட்டம் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். நம் கார் இடதுபக்கமே போவதால், நடுக்கோட்டில் பதித்திருக்கும் ஒளிரும் குமிழ்களும் வலது ஓரத்து வடிகால் மூடியும் பட்டியலில் வரவே வராது. கார் டயர் 200 மி.மீ. அகலம், கீழே ஸ்பிரிங். அவர்கள் ஓட்டுவது 28 அல்லது 30 மி.மீ. டயர். வடிகால் கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்து, இடைவெளி 20 மி.மீ.க்கு மேல் போனால் முன்சக்கரம் மாட்டும். பாலத்து விரிவு இணைப்புக்கும் இதே கணக்கு: சாலைக்குக் குறுக்கே நேராக இருந்தால் அதிர்வோடு போய்விடும், சாய்வாக இருந்தால் சக்கரத்தை இழுக்கும். தார் அடுக்கின் விளிம்பு மண்ணோடு சேரும் ஓரத்தையும் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். 4, 5 செ.மீ. இறக்கம் இருந்தால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர் திரும்ப ஏற முயலும்போது விழுவார். ஊர்ப்பகுதி முழுவதையும், ஒவ்வொரு நாளின் கடைசி 10 கி.மீ.யையும் சைக்கிளிலேயே ஓட்டிப் பாருங்கள்.

பந்தயம் நடக்கும் அதே நேரத்தில் பார்ப்பது முக்கியம். இரண்டாம் நாள் காலை 7 மணிக்குக் கடலூரிலிருந்து மேற்கே போகிறீர்கள். வெயில் வீராங்கனைகளின் முதுகில் அடிக்கும், கொடி பிடித்து எதிரே நிற்கும் மார்ஷலின் கண்ணில் அடிக்கும். கூட்டம் வருவது அவருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியும். அவருக்கு 50 மீட்டர் முன்னால் விசிலோடு இன்னொருவர் நிற்க வேண்டும்.

தாளில் இருக்க வேண்டியவை: கி.மீ. அளவு, ஜி.பி.எஸ். புள்ளி, இடமா வலமா நடுவா, எதிர்பார்க்கும் வேகம், படம் (சைக்கிள் கைப்பிடி உயரத்திலிருந்து எடுத்தது), நடவடிக்கை, பொறுப்பாளர், முடிக்க வேண்டிய தேதி. பொறுப்பாளர் பெயர் இல்லாத வரி நடக்காத வேலை.

நடவடிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அந்த ஆபத்தை நீக்க முடியுமா? முடியாவிட்டால் பாதையை மாற்ற முடியுமா? அதுவும் முடியாவிட்டால் மறைத்து, மெத்தை கட்டி, ஒரு பக்கத்தை மூட முடியுமா? எதுவுமே முடியாதபோதுதான் மஞ்சள் கொடியும் விசிலும். பெரும்பாலான திட்டங்களில் 64 வரிக்கும் நேராகக் "கொடி + விசில்" என்று நிரப்பிவிடுவார்கள். 64 கொடி ஆட்டினால் 10-ஆவது கொடிக்குப் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

---

கெடிலக்கரை

செயின்ரிங் அண்ணன் சொன்னது சரி. நான் நம்ம ஊர் சமாச்சாரத்தை மட்டும் சேர்க்கிறேன்.

பிப்ரவரின்னா சம்பா அறுவடை. நெல்லைத் தார்ச்சாலையில்தான் கொட்டிக் காயவைப்பாங்க. நெல்லுக்கு ஓரமா வரிசையா கல்லு வேற வச்சிருப்பாங்க, வண்டி ஏறக்கூடாதுன்னு. நெல்லைவிட அந்தக் கல்லுதான் ஆபத்து. பாகூர் சுற்று முழுக்க வயல்காடு, அங்கே இது நிச்சயம் இருக்கும். வேற இடம் காட்டாம "எடுங்க"ன்னு சொன்னா நடக்காது. பஞ்சாயத்து மூலமா களம், பள்ளி மைதானம், தார்ப்பாய்னு ஏற்பாடு பண்ணி, ஒரு வாரம் முன்னாடியே பேசிடுங்க.

நெல்லிக்குப்பம் பக்கம் அதே மாசத்துல கரும்பு வெட்டு. டிராக்டர் டிரெய்லர்லேருந்து விழுற கரும்புத் துண்டு உருண்டையா இருக்கும். சக்கரம் ஏறினா சைக்கிள் பக்கவாட்டுல வழுக்கிடும். முந்தின ராத்திரி ஓடின வண்டிங்க கொட்டினது காலையில அப்படியே கிடக்கும். ஆலைக்கு எழுதி, முந்தின நாள் சாயங்காலத்துலேருந்து பந்தயம் முடியுற வரைக்கும் வண்டியை நிறுத்தச் சொல்லணும். அப்புறமும் காலை 5 மணிக்கு விளக்குமாறோட ஆள் வேணும்.

கடலூர் முதுநகர் பக்கம் போனீங்கன்னா மீன் வண்டி. ஐஸ் உருகி ஒழுகுற தண்ணி, செதில், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் திருப்பத்துலதான் கொட்டும், ஏன்னா திரும்பும்போதுதான் தொட்டி சாயும். தண்ணி ஊத்திக் கழுவினா போதாது, சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கணும்.

மாசி மகம் எப்போன்னு பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டுத் தேதி வைங்க. அன்னைக்குத் தேவனாம்பட்டினத்துலயும் புதுச்சேரி வைத்திக்குப்பத்துலயும் சாமியெல்லாம் கடலுக்கு வரும். முன்னாடி நாளே பந்தல், அலங்கார வளைவு, சாலையில கம்பு நட குழி. மகம் முடிஞ்ச மறுநாளும் அந்தக் குழிங்க அப்படியே இருக்கும்.

முள்ளோடை, கன்னியக்கோயில் எல்லையில வரிசையா மதுக்கடை. காலையில மூடியிருக்கும்னு நினைக்காதீங்க, வாசல்ல ஆளு இருக்கும். உங்க பெயரே அந்த ஊரா இருக்கு, உங்களுக்குத் தெரியாததா!

அப்புறம் ஒண்ணு. முதல் கூட்டம் போனதும் ஜனங்க "முடிஞ்சுது"ன்னு சாலையில இறங்கிடுவாங்க. ஆட்டை ஓட்டிக்கிட்டு குறுக்க வருவாங்க. ஆட்டோவுல மைக் கட்டி முந்தின நாளே சொல்லணும்: பச்சைக் கொடி கட்டின கடைசி வண்டி போற வரைக்கும் யாரும் இறங்கக்கூடாது.

---

வீணை

கெடிலக்கரை தம்பி சொன்ன கடைசி விஷயத்துக்குக் கணக்கு இருக்கிறது. 2.2 தரப் பெண்கள் பந்தயத்தில் வெளிநாட்டுத் தொழில்முறை அணியும் மாநில அளவிலான அணியும் ஒன்றாக ஓடும். 110 கி.மீ.யை முன்னணி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடினால் 2 மணி 45 நிமிடம். கடைசிக் குழு 34 கி.மீ. வேகம் என்றால் 3 மணி 14 நிமிடம். முன்னணி கோட்டைத் தாண்டும்போது கடைசிக் குழு 16 கி.மீ.க்கு மேல் பின்னால் இருக்கும். பந்தயத்தோடு நகரும் மூடலுக்கு ஆண்கள் பந்தயத் திட்டத்தை அப்படியே நகல் எடுத்து "15 நிமிடம் போதும்" என்று போலீசிடம் எழுதிக் கொடுத்தால், பின்னால் வருபவர்கள் பேருந்துக்கு நடுவே ஓட வேண்டியதுதான். நேர வரம்பை (எவ்வளவு பின்தங்கினால் பந்தயத்திலிருந்து விலக்குவது என்பதை) முன்பே முடிவு செய்து, அதற்கு ஏற்ற மூடல் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

சாலை மூடல் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூனில் பிரான்சின் பிரனீஸ் பெண்கள் பந்தயமே சாட்சி. முதல் நாளே பாதையில் கார்கள். வீராங்கனைகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், கடைசி நாள் பந்தயம் ரத்தாகி அத்தோடு முடிந்தது. 2019-இல் பெல்ஜியத்தின் ஓம்லூப் ஹெட் நியூஸ்ப்ளாட் பந்தயத்தில் வேறு விதக் கோளாறு: தனியாக முன்னேறிய நிகோல் ஹன்செல்மன், தனக்கு முன்னால் கிளம்பிய ஆண்கள் பந்தயத்தின் வண்டி வரிசையை எட்டிப் பிடித்துவிட்டார். பெண்கள் பந்தயத்தையே நிறுத்தி வைத்தார்கள். உங்கள் மூன்றாம் நாளில் பொதுமக்கள் சைக்கிள் ஓட்டமோ ஆண்கள் கண்காட்சிப் பந்தயமோ சேர்க்கும் யோசனை இருந்தால் பெண்கள் பந்தயத்தை முதலில் வையுங்கள்.

முடிவுக் கோடு. யூ.சி.ஐ. விதிப்படி கோட்டுக்கு முன் குறைந்தது 300 மீட்டரும் பின் 100 மீட்டரும் இருபுறமும் தடுப்பு வேண்டும். மொத்தம் 800 மீட்டர். 2.5 மீட்டர் தடுப்பு என்றால் 320. உடைந்தது, வளைந்தது, வாசல் வைப்பது எல்லாம் சேர்த்து 350 வாங்குங்கள். எண்ணிக்கையை விட வகைதான் முக்கியம். 2020-இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் இறக்கத்தில் முடிந்த ஸ்பிரின்டில் (கோட்டை நோக்கிய கடைசி வேக ஓட்டத்தில்), மணிக்கு 80 கி.மீ. அளவு வேகத்தில் ஃபாபியோ யாகோப்சன் தடுப்பின் மேல் விழுந்தபோது தடுப்புகள் பிய்ந்து பறந்தன. அதிலிருந்து கற்க வேண்டியவை: தடுப்பின் கால் சாலைப் பக்கம் நீட்டக்கூடாது, ஒன்றோடொன்று கொக்கி மாட்டிப் பூட்டியிருக்க வேண்டும், விளம்பரத் துணி காற்றில் வெளியே வரக்கூடாது, இறக்கத்தில் ஸ்பிரின்ட் வைக்கக்கூடாது. நம் ஊர் போலீஸ் தடுப்புகளுக்கு இரண்டு பக்கமும் கால் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசி 300 மீட்டரில் ஒன்றுகூட வேண்டாம்.

மூன்றாம் நாள் முடிவு எனக்குக் கவலை தருகிறது. ஒயிட் டவுன் வீதிகள் கட்டம் கட்டமாக இருப்பதால் கடற்கரைச் சாலைக்குள் எங்கிருந்து நுழைந்தாலும் 90 டிகிரி திருப்பம்தான். 12 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில், 35 டிகிரி சாய்வில், சுத்தமான தாரில் மணிக்கு 33 கி.மீ. வரை போகலாம். அதே திருப்பத்தில் மணல் படிந்து பிடிப்பு 0.3-க்குக் குறைந்தால் 21 கி.மீ.க்கு மேல் போனவர் விழுவார். முன்னால் உள்ளவருக்கு மணல் தெரியும், பின்னால் உள்ளவருக்கு அவருடைய முதுகுதான் தெரியும். கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கி.மீ. நீளம் இருக்கிறது. கடைசித் திருப்பத்திலிருந்து கோட்டுக்குக் குறைந்தது 800 மீட்டராவது விடுங்கள். திருப்பத்தின் வெளிப்பக்கம் முழுவதும் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் கல்தூண் இருந்தால் மெத்தை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மணலைத் தள்ள இரண்டு பேர்.

கடைசி 3 கி.மீ. விதி தெரிந்திருக்கும்: அதற்குள் விழுந்தாலோ சைக்கிள் பழுதானாலோ உடன் வந்த குழுவின் நேரமே கிடைக்கும். பாதையைப் பொறுத்து இதை 5 கி.மீ. வரை நீட்டக் கேட்கலாம். தேவனாம்பட்டினம் முடிவுக்கு ஊருக்குள் நுழையும் திருப்பங்கள் எல்லாம் 3-க்கும் 5-க்கும் நடுவே விழுந்தால் கேட்டுவிடுங்கள். ஸ்பிரின்ட் நாட்களில் நேர இடைவெளியை 1 விநாடிக்குப் பதில் 3 விநாடியாகக் கணக்கிடும் முறையையும் கேளுங்கள் (இடைவெளி அதற்குள் இருந்தால் எல்லோருக்கும் ஒரே நேரம்). மொத்த நேரத்துக்காக ஓடுபவர்கள் ஸ்பிரின்ட் வீராங்கனைகளோடு இடித்துக்கொண்டு முன்னுக்கு வர வேண்டிய அவசியம் குறையும். தார் போடாமல், தடுப்பு வாங்காமல், தாளிலேயே கிடைக்கும் பாதுகாப்பு இது.

ரயில்வே கேட். இரண்டாம் நாள் பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளம் கூடவே வருகிறது. எத்தனை கேட், எத்தனை மேம்பாலம் என்று முதலில் எண்ணுங்கள். மூடிய கேட்டைக் கடந்தால் தகுதி நீக்கம். 30 விநாடிக்கு மேல் முன்னிலையில் இருந்தவர் கேட்டில் நின்று, கூட்டம் வந்து சேர்ந்துவிட்டால், பந்தயத்தை நிறுத்தி அதே இடைவெளியோடு மறுபடி விட வேண்டும். 30-க்குக் குறைவென்றால் அது பந்தயத்தின் ஒரு பகுதி. ஆனால் விதி மட்டும் காப்பாற்றாது. 2015 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மூடும் கேட்டுக்குள் ஆண்கள் புகுந்து ஓட, சற்று நேரத்தில் அதிவேக ரயில் கடந்துபோனது. ஒவ்வொரு கேட்டிலும் ஒரு துணை நடுவரும், கேட் கீப்பரோடு பேசும் ஓர் ஆளும் வேண்டும். புதுச்சேரியை விட்டு வெளியேறும்போது கடலூர் சாலையில் உள்ள கேட்டுக்கு எளிய வழி உண்டு: அதுவரை பந்தயக் கணக்கில் வராத மெதுவோட்டம், அரியாங்குப்பம் பாலம் தாண்டிய பிறகு 0 கி.மீ., அதாவது பந்தயத்தின் உண்மையான தொடக்கம். கேட், பாலத்து இணைப்பு, ஊர்க் கடைத்தெரு மூன்றும் பட்டியலிலிருந்து கழிந்துவிடும்.

---

முள்ளோடை

நன்றி அக்கா, நன்றி அண்ணா. 0 கி.மீ.யை நகர்த்தும் யோசனை எங்களுக்குத் தோன்றவே இல்லை. மூன்று சந்தேகம்.

1. கால் நீட்டாத தடுப்பு எங்களுக்கு 150-க்கு மேல் கிடைக்கவில்லை. மீதிக்குச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டலாமா?
2. வேகத்தடை விஷயம் இன்னும் தெளிவாகவில்லை. 64-இல் 23 வேகத்தடை.
3. கேப்பர் மலைப் பக்கம் ஓர் ஏற்றம் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். மலைப்புள்ளிக்கு (ஏற்ற உச்சியை முதலில் தொடுபவர்களுக்குத் தரும் புள்ளிக்கு) வேறு ஏற்றமே இல்லை.

---

வீணை

1. வேண்டாம். சவுக்குக் கம்பு உடைந்தால் ஈட்டி, கயிறு கழுத்துக்கு வரும். கம்பு நட்ட குழி மறுநாளைக்கு ஆபத்து. முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒரே கோட்டில் முடியுங்கள், தடுப்பை ஏற்றி இறக்கும் செலவு பாதியாகும். மீதியைச் சென்னையிலிருந்து வாடகைக்கு எடுங்கள். 320 கிடைக்காவிட்டால் அங்கே முடிவு வைக்க முடியாது, அவ்வளவுதான். பார்வையாளர் நிற்கும் வேறு இடங்களுக்கு (கோட்டுக்கு 1 கி.மீ. முன்னால், நேர்ச்சாலையில்) உங்கள் பழைய தடுப்புகளைப் பயன்படுத்தலாம், கால் மக்கள் பக்கம் இருக்கும்படி, சாலை விளிம்பிலிருந்து 1 மீட்டர் தள்ளி.

3. ஏற்றத்தால் பிரச்சினை இல்லை, இறக்கத்தைப் பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் விஸ்டா சைனீசா இறக்கத்தில் ஆண்கள் பந்தயத்தில் நிபாலியும் ஹெனாவோவும் விழுந்தார்கள். மறுநாள் பெண்கள் பந்தயம் அதே பாதையில். முன்னிலையில் இருந்த அன்னமீக் ஃபான் ஃப்ளூட்டன் விழுந்து முதுகெலும்பில் மூன்று முறிவு. சாலையோரத்தில் கான்கிரீட் விளிம்பு, அதையொட்டி வடிகால். ஒருநாள் முன்பே எச்சரிக்கை கிடைத்தும் பாதை அப்படியே இருந்தது. கேப்பர் மலையின் உயரம் குறைவுதான், ஆனால் உயரம் கணக்கில்லை. இறங்கும் சாலையோரம் என்ன இருக்கிறது, சரளை மண் தாருக்கு மேல் வந்திருக்கிறதா, இறக்கம் முடியும் இடத்தில் சந்திப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்ற உச்சியிலேயே புள்ளிக்கோடு வைத்துவிட்டு, வேறு சாலையில் இறங்குங்கள்.

---

செயின்ரிங்

வேகத்தடைக்கு வருகிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் தரப்படி (ஐ.ஆர்.சி. 99) வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. வாகனம் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க அந்த அளவு. அப்படி இருந்தால் கூட்டம் 40-இல் வந்தாலும் எழும்பி இறங்கிவிடும், தண்ணீர்ப் புட்டி தாங்கியிலிருந்து தெறிக்கும், அவ்வளவுதான். தெறித்த புட்டியின் மேல் ஏறுவதுதான் அங்கே விபத்து. கிராமங்களில் இருப்பதோ ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் குவித்த தார். இதில் சக்கரம் காற்றில் போகும்.

23-ஐ மூன்றாகப் பிரியுங்கள். கடைசி 5 கி.மீ.க்குள் இருப்பவை, திருப்பத்துக்கு 100 மீட்டருக்குள் இருப்பவை, இறக்கத்தில் இருப்பவை: எடுக்க வேண்டும், அல்லது பாதை மாற வேண்டும். அகலம் குறைந்து செங்குத்தாக இருப்பவை: எடுக்கத் தேவையில்லை, இரண்டு பக்கமும் தார் சேர்த்து 3.7 மீட்டருக்கு இழுத்தால் போதும். மீதி: வெள்ளைப் பட்டை, முன்பலகை, ஒரு கொடி. வெள்ளைப் பட்டையைத் தடித்த பளபளப்புப் பூச்சில் அடிக்காதீர்கள். பனி விழுந்த காலையில் அதுவே வழுக்கும்.

நாலைந்து வரிசையாக வரும் அதிர்வுப் பட்டைகளை வேகத்தடையோடு சேர்க்காதீர்கள், அதற்குத் தனிக் கணக்கு. அதில் விழுவதை விட, கையை மாற்றிப் பிடிக்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவரோடு உரசுவதுதான் நடக்கும்.

---

கெடிலக்கரை

அண்ணே, "எடுக்க வேண்டும்"னு ஈஸியா சொல்லிட்டீங்க. பள்ளிக்கூடத்து முன்னாடி இருக்கிறதை எடுத்துட்டுப் பந்தயம் முடிஞ்சு ஒரு மாசம் போடலேன்னா, அங்கே ஒரு குழந்தை அடிபட்டா யாரு பதில் சொல்றது? எடுக்கிற உத்தரவுலயே திரும்பப் போடுற தேதியும் இருக்கணும், செலவும் பந்தயக் கணக்குலயே இருக்கணும். தமிழ்நாட்டுப் பக்கம் நெடுஞ்சாலைத் துறை, புதுச்சேரிப் பக்கம் பொதுப்பணித் துறை, தேசிய நெடுஞ்சாலைன்னா அது தனி. பாகூர்ச் சுற்றுல எந்த 200 மீட்டர் யாருடையதுன்னு வரைபடம் வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

சாலையில குறுக்கும் நெடுக்குமா வைக்கிற போலீஸ் பேரிகார்டு இன்னொரு தலைவலி. சாயங்காலம் எடுப்பாங்க, ராத்திரி ரோந்து வர்ற ஆளு பழக்கதோஷத்துல திரும்ப வச்சுடுவாரு. காலையில 5 மணிக்கு எடுக்கிற பொறுப்பு ஒரு ஆள் பேருல இருக்கணும்.

---

செயின்ரிங்

ஒப்புக்கொள்கிறேன், திரும்பப் போடும் தேதி இல்லாமல் எடுக்கக்கூடாது.

எல்லை விஷயம் போலீசுக்கும் பொருந்தும். புதுச்சேரி போலீசும் கடலூர் மாவட்டப் போலீசும் தனித்தனி வயர்லெஸ். பந்தய இயக்குநர் வண்டியில் இரு தரப்பிலிருந்தும் ஓர் அதிகாரி உட்கார வேண்டும். எல்லைக்கு முன்னும் பின்னும் 1 கி.மீ. இரண்டு முன்னோடி வண்டிகளும் சேர்ந்து ஓட வேண்டும். ஒன்று நின்று இன்னொன்று கிளம்பும் இடைவெளியில்தான் லாரி நுழையும்.

சாலை நடுத் தடுப்பு தொடங்கும் மூக்கு, பழைய சாலை நான்கு வழிச் சாலையோடு சேரும் இடம்: இவற்றில் கூட்டத்தை இரண்டாகப் பிரிய விடாதீர்கள். 50 மீட்டர் முன்னிருந்தே சாய்வாகக் கூம்பும் தடுப்பும் வைத்து ஒரு பக்கத்தை மூடிவிடுங்கள். மூக்கில் மெத்தை. மார்ஷல் மூக்குக்குப் பின்னால், மேடையின் மேல் நிற்க வேண்டும், முன்னால் சாலையில் அல்ல.

மார்ஷல் எண்ணிக்கை: இரண்டாம் நாளின் பெரிய வட்டம் மட்டும் சுமார் 90 கி.மீ. கி.மீ.க்கு 2 சந்து என்று வைத்தாலே 180 பேர். இதில் மோட்டார் சைக்கிள் மார்ஷல்களை வைத்து ஆளைக் குறைக்கலாம், ஆனால் அவர்கள் கூட்டத்தைத் தாண்டிப் போக அகலமான இடங்களை முன்பே குறித்துக் கொடுங்கள். ஊருக்குள் தாண்டக் கூடாது. 2016-இல் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் அன்டோன் டெமோய்ட்டி என்ற வீரர் இறந்தது, விழுந்தவர் மேல் மோட்டார் சைக்கிள் மோதியதால்.

---

கட்டுத்துணி

மருத்துவப் பக்கம் யாரும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக.

பந்தயத்தோடு ஓட 4 ஆம்புலன்ஸ், முடிவுக் கோட்டில் 1. இரண்டு இருந்தால் போதும் என்பார்கள். ஒரு பெரிய விழுகையில் இரண்டு பேரை அனுப்பினால் இரண்டும் போய்விடும், பிறகு பந்தயத்தை நிறுத்த வேண்டும். கடைசி ஆம்புலன்ஸ் கிளம்பினால் பந்தயம் நிற்கும் என்பதை விதிப் புத்தகத்தில் முன்பே அச்சிடுங்கள். அன்றைக்கு வாக்குவாதம் வராது.

ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் எந்த மருத்துவமனை, எந்த வழி, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். முதல் நாளின் முற்பாதியில் தலைக்காயம் என்றால் புதுச்சேரி ஜிப்மர். கடலூரை நெருங்கினால் அரசுத் தலைமை மருத்துவமனையில் நிலைப்படுத்திவிட்டு அனுப்புவதா, நேரே அனுப்புவதா என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். 108 இரண்டு பக்கமும் அதே எண்தான், கட்டுப்பாட்டு அறை வேறு. ஆம்புலன்ஸ் பந்தயத்துக்கு எதிர்த்திசையில் வரக்கூடாது, பக்கச் சாலை வழியாக வெளியேற வேண்டும். அந்த வெளியேறும் சாலையில் ரயில்வே கேட் இருந்தால் அது வழியே அல்ல.

2024 செப்டம்பரில் சூரிச் உலகப் போட்டியின் ஜூனியர் பெண்கள் பந்தயத்தில் மூரியல் ஃபுரர் காட்டுப் பகுதியில் விழுந்தார். விழுந்தது வெகுநேரம் யாருக்கும் தெரியவில்லை, மறுநாள் இறந்தார். நமக்குக் காடு இல்லை என்று நினைக்காதீர்கள். நெல்லிக்குப்பம் பக்கம் சாலையோரம் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நிற்கிறது. வேகமாக வந்து உள்ளே விழுந்தவர் சாலையிலிருந்து தெரிய மாட்டார். பெருங்கூட்டம் உடைந்து தனித்தனியாக ஓடும் பந்தயத்தில் இந்த ஆபத்து கூடுதல். கரும்பு, வாய்க்கால், பள்ளம் உள்ள வளைவு ஒவ்வொன்றிலும் ஆள் நிறுத்துங்கள். ஜி.பி.எஸ். கருவி 120 பேருக்கும் கொடுங்கள். 2025-இல் கிகாலி உலகப் போட்டியில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். கருவி இருந்தால் மட்டும் போதாது, திரையைப் பார்க்க ஒருவர் தனியாக வேண்டும். ஒரு புள்ளி 60 விநாடி நகராவிட்டால் அவர் ரேடியோவில் சொல்ல வேண்டும். கடைசி வண்டியில் எண் பட்டியல் வைத்து, விலகியவர் ஒவ்வொருவரையும் அடித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் வரை சாலையைத் திறக்கக் கூடாது.

வெப்பம். யூ.சி.ஐ. வெப்ப நெறிமுறையில் டபிள்யூ.பி.ஜி.டி. 28 டிகிரியைத் தொட்டால் சிவப்பு, அதாவது அதிக ஆபத்து நிலை. சாதாரண வெப்பமானி காட்டும் அளவு வேறு, இது ஈரப்பதம், வெயில், காற்று மூன்றையும் சேர்த்தது. நம் கடற்கரை ஈரப்பதத்தில் பிப்ரவரியிலும் 11 மணிக்கு மேல் அந்த அளவைத் தொட வாய்ப்பு உண்டு. 6.30 அல்லது 7 மணிக்குத் தொடங்கினால் 10.15-க்குள் கடைசி ஆளும் வந்துவிடுவார். களைத்தவர்களின் கவனம் கடைசி 10 கி.மீ.யில்தான் சிதறும், அதனால் இதைப் பாதைப் பட்டியலோடு சேர்த்தே பாருங்கள்.

---

முள்ளோடை

மறுபடி மார்க் போட்டுப் பார்த்தோம். 0 கி.மீ.யை நகர்த்தியதில் 11 இடம் கழிந்தது. மீதியில் 20-உம் அதற்கு மேலும் வந்தது 7 மட்டும். அதில் 4 கடற்கரைச் சாலைக்குள் நுழையும் அந்த ஒரே திருப்பத்தைச் சுற்றி. கேப்பர் மலை யோசனையை விட்டுவிட்டோம், இறங்கும் இடத்தில் சந்திப்பு இருக்கிறது. கடைசிச் சோதனை எப்போது, யார் செய்வது?

---

செயின்ரிங்

ஆறு வாரம் முன்பு, ஒரு வாரம் முன்பு, முந்தின நாள் அதே நேரம். அன்று காலை இரண்டு வண்டி: ஒன்று 90 நிமிடம் முன்னால், விளக்குமாறு, மண்வெட்டி, குளிர்தார் மூட்டை 10, கூம்பு 40 ஏற்றிக்கொண்டு. இன்னொன்று 30 நிமிடம் முன்னால், வெறும் கண்ணும் ரேடியோவும். இரண்டாவது வண்டியில் இருப்பவருக்குப் பந்தயத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் விளம்பரதாரர் தரப்பு ஆளாக இருக்கக்கூடாது. சென்ற சீசன் வரை சைக்கிள் ஓட்டிய ஒரு வீராங்கனை கிடைத்தால் அவரையே உட்கார வையுங்கள்.

---

கெடிலக்கரை

முதல் வண்டியில குளிர்தார் மூட்டையை மேல வைங்க, கூம்பை அடியில வைங்க. அப்படி வச்சா கூம்பெல்லாம் நசுங்கிடும்னு தோணும், ஆனா கூம்பு நிமிர்ந்துக்கும். மூட்டை அடியில மாட்டினா 40 கூம்பையும் இறக்கிட்டுத்தான் ஒரு பள்ளத்தை மூட முடியும், அதுக்குள்ள 30 நிமிஷ வண்டி பின்னாடி வந்து நிக்கும்.